ராத்திரி முழுக்க முழிச்சுக் கெடந்த 14 கம்ப்யூட்டர்: பவர் மேனேஜ்மென்ட் சாப்ட்வேர் 4 மாசம் யூஸ் பண்ணிப் பாத்ததுல தெரிஞ்சது

எங்க ஆபீஸ் நாகர்கோவில்ல வடசேரி பக்கம், கிளையண்டுகளுக்கு டாக்ஸ் கணக்கு பாத்துக் குடுக்குற ஆபீஸ், 22 டெஸ்க்டாப் இருக்கு, மார்த்தாண்டம் கிளையில இன்னொரு 6. எனக்க வேலை அக்கவுண்ட்ஸ்தான், ஆனா பிரிண்டர் நின்னாலும் நெட் போனாலும் எல்லாரும் என்னத்தான் கூப்பிடுவாங்க, அப்படியே பத்து வருஷமா கம்ப்யூட்டர் பாக்குறதும் எனக்க தலையிலதான். ஆபீஸ் கம்ப்யூட்டரெல்லாம் சும்மா நிக்குற நேரத்துல தானா தூங்க வைக்குறதுக்குன்னு ஒரு சாப்ட்வேர் காசு குடுத்து வாங்கி 4 மாசம் ஓட்டியாச்சு. வாங்குறதுக்கு முன்னாடி நான் எவ்வளவோ தேடிப் பாத்தேன், நம்ம ஊர் மாதிரி சின்ன ஆபீஸ்ல வச்சுப் பாத்தவங்க யாரும் தமிழ்ல எழுதி வைக்கல, அதனால நான் எழுதுறேன். சாப்ட்வேரோட பேரு போடல. அதுல ரெண்டு விஷயம் எங்களுக்கு நல்லா அடி குடுத்துச்சு, அதையும் சொல்லணும், பேரு போட்டா அப்புறம் பேச்சு அந்தப் பக்கமா போயிரும்.

இது ஆரம்பிச்சதே கரண்டு பில்ல பாத்து இல்ல, யுபிஎஸ் சத்தத்துல. ஐப்பசி மழை, அன்னைக்கு சாய்ங்காலத்துல இருந்தே விடாம கொட்டுது, நான் வீட்டுக்குப் போன பிறகுதான் பென்டிரைவ ஆபீஸ்லயே வச்சுட்டு வந்தது ஞாபகம் வந்து ஒன்பது மணி வாக்குல திரும்பப் போனேன். தெரு முழுக்க கரண்டு இல்ல. மாடியில இருந்து கீக் கீக்னு யுபிஎஸ் கத்துற சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது. செக்யூரிட்டி அண்ணாச்சிகிட்ட என்னன்னு கேட்டா, "கரண்டு போனா ராத்திரி எப்பவும் இப்படித்தான் கத்தும் தம்பி, அரை மணிக்கூர் கத்திட்டு தானா நின்னுரும்"ன்னு சொன்னாரு. எனக்கு பொக்குன்னு ஆயிருச்சு. மேல போய் டார்ச் அடிச்சுப் பாத்தா மானிட்டர் எல்லாம் கருப்பா இருக்கு, பாக்குறவங்களுக்கு எல்லாம் அணைச்ச மாதிரிதான் தோணும், ஆனா மேசைக்குக் கீழ சிபியு லைட்டு வரிசையா எரிஞ்சுக்கிட்டு இருக்கு. ஒண்ணு ஒண்ணா மேல கைய வச்சுப் பாத்தேன், தகரம் இளஞ்சூடா இருக்கு, உள்ள ஃபேன் சுத்துறது கைக்குத் தெரியுது. எண்ணிப் பாத்தேன். 14.

அந்த வருஷம் நாங்க யுபிஎஸ் பேட்டரி ரெண்டு தடவ மாத்தியிருந்தோம். மட்டமான பேட்டரிய தலையில கட்டிட்டாருன்னு கடைக்காரர்கிட்ட சண்ட கூட போட்டோம். உண்மையில கரண்டு போற ஒவ்வொரு ராத்திரியும் யாருமே இல்லாத ஆபீஸ்ல 14 மிஷினும் சேந்து பேட்டரிய அடி வரைக்கும் உறிஞ்சி எடுத்திருக்கு. நம்ம மாவட்டத்துக்கு ஆனி ஆடிலயும் மழை, ஐப்பசி கார்த்திகையிலயும் மழை, இடி இடிச்சா கரண்டு போகும், அப்போ வருஷத்துல எத்தன ராத்திரி இப்படி நடந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க. மறுநாள் வெள்ளனே போய் அந்தக் கடைக்காரர்கிட்ட மன்னிப்பு கேட்டேன்.

அதுக்கப்புறம் பிளக்ல செருகி வாட்ஸ் பாக்குற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கினேன். சாப்ட்வேர் வாங்குறதுக்கு முன்னாடி இத வாங்குங்க, ஏன்னு பின்னாடி சொல்லுறேன். எங்க மிஷின்ல நான் பாத்த கணக்கு: வேலை நடக்கும்போது சிபியு மட்டும் 60ல இருந்து 75 வாட், சும்மா நிக்கும்போது 45 பக்கம், ஸ்லீப்ல போட்டா 2 வாட், மானிட்டர் எரிஞ்சா 18. ஸ்கிரீன் சேவர் ஓடும்போதும் பாத்தேன். எங்க ஆபீஸ்ல பாதி பேரு கன்னியாகுமரி கண்ணாடிப் பாலம் போட்டோ மாறி மாறி வர்ற மாதிரி ஸ்கிரீன் சேவர் வச்சிருந்தாங்க, அது கரண்ட மிச்சம் பிடிக்கும்னு உண்மையாவே நம்பிக்கிட்டு இருந்தாங்க, பேரே சேவர்னு இருக்குல்லா. மானிட்டர் அதே 18 வாட், சிபியுல படம் மாத்துறதுக்கு இன்னும் கொஞ்சம் கூடத்தான் இழுக்குது. அது பழைய குண்டு மானிட்டர் காலத்துல ஒரே படம் ரொம்ப நேரம் நின்னு கண்ணாடியில தழும்பு விழாம இருக்க வந்த ஏற்பாடு, இப்ப உள்ள மானிட்டருக்கு அதுக்குத் தேவையே இல்ல.

இன்னொண்ணும் செஞ்சேன், சாய்ங்காலம் 7 மணிக்கு ஆபீஸ் பூட்டும்போது ஈபி மீட்டர்ல உள்ள ரீடிங்க போட்டோ எடுத்துட்டு காலையில 9 மணிக்கு திரும்ப எடுப்பேன். ஒரு வாரம் எடுத்தேன். ஒரு ராத்திரிக்கு ஏறத்தாழ 13 யூனிட் போகுது. ஆள் இல்லாத, லைட் இல்லாத, ஏசி இல்லாத ஆபீஸ்ல. இதுல சர்வர், கேமரா பெட்டி, நெட்டு, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒரு 4 யூனிட் சில்லற, மிச்சம் முழுக்க இந்த 14 மிஷின்தான். ஞாயித்துக்கிழமையும் சேத்தா வாரத்துல ஆபீஸ் பூட்டிக் கெடக்குறதே 108 மணி நேரம் வருது, அப்போ ரெண்டு மாச பில்லுக்கு 600 யூனிட் சும்மா போகுது, நமக்கு கமர்ஷியல் ரேட், யூனிட்டுக்கு 10 ரூவான்னு வச்சாலும் 6000 ரூவா.

இத எங்க முதலாளி சார்கிட்ட கொண்டு காட்டினா அவரு முதல்ல பெருசா எடுத்துக்கல. ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் வரைக்கும் கரண்டு எடுக்குற காத்தாடியா நிக்குது, நம்ம ஊர்லயா கரண்டுக்குப் பஞ்சம்னு கேட்டாரு. அந்தக் காத்தாடி நல்லா சுத்துறது வைகாசியில இருந்து ஆவணி வரைக்கும் உள்ள சீசன்லதான் சார், கார்த்திகை மார்கழியில பஸ்ல போகும்போது பாருங்க பாதி நின்னுக்கிட்டு இருக்கும், அப்ப நம்ம மிஷினுக்கு வர்ற கரண்டு எங்கயோ நிலக்கரி எரிஞ்சுதான் வருதுன்னு சொன்னேன். கடைசியில அவர ஒத்துக்க வச்சது பேட்டரி கணக்குதான்.

முதல்ல காசு செலவில்லாத வழியப் பாத்தோம். "போகும்போது ஆஃப் பண்ணிட்டுப் போகவும்"னு எழுதி ஒட்டினோம். ஒரு வாரம் நடந்துச்சு, அப்புறம் பழையபடி. யாரையும் குத்தம் சொல்ல முடியாது கேட்டுக்கிடுங்க. காலையில வந்து ஆன் பண்ணா சில மிஷின் திறந்து வர்றதுக்கு அஞ்சாறு நிமிஷம் ஆகுது, சாய்ங்காலம் விட்ட எடத்துல பத்து ஃபைல் திறந்து கெடக்கு, அத மூடிட்டுப் போனா மறுநாள் எங்க விட்டோம்னு தேடணும். ஆன் பண்ணி ஆஃப் பண்ணா மிஷின் சீக்கிரம் கெட்டுப் போகும், ஆன் பண்ணும்போதுதான் நெறைய கரண்டு இழுக்கும்ன்ற பேச்சு வேற. மீட்டர் போட்டுக் காட்டினேன், ஆன் ஆகுற ஒண்ணு ரெண்டு நிமிஷத்துக்கு கூட இழுக்குறது உண்மைதான், ஆனா அது சும்மா நிக்குற அஞ்சு நிமிஷத்துல தீந்து போற கணக்கு. ஸ்லீப்ங்குறது இந்த எல்லா குறைக்கும் பதில், விட்டது விட்ட எடத்துல இருக்கும், கீபோர்ட தட்டினா ரெண்டு மூணு செகண்ட்ல வரும், 45 வாட் போற எடத்துல 2 வாட்தான் போகும். அதனாலதான் ஆள நம்பாம தானா தூங்க வைக்குற சாப்ட்வேருக்குப் போனோம்.

சாப்ட்வேர் என்ன செய்யும்னா, ஒவ்வொரு மிஷின்லயும் சின்னதா ஒரு புரோகிராம் உக்காந்துக்கும், எனக்க மிஷின்ல இருந்து எல்லாத்தையும் பாக்கலாம். மானிட்டர் எத்தன நிமிஷத்துல அணையணும், எப்ப ஸ்லீப் போகணும், எப்ப முழுசா ஷட்டவுன் ஆகணும், காலையில எத்தன மணிக்கு எழுப்பணும், எந்த மிஷினத் தொடவே கூடாது, எல்லாம் ஒரே எடத்துல வைக்கலாம். யாராவது அவங்க மிஷின்ல செட்டிங்க மாத்தினா திரும்ப பழையபடி ஆக்கிரும். விலை ஒரு மிஷினுக்கு வருஷத்துக்கு 500 ரூவாய்க்கு கொஞ்சம் மேல வந்துச்சு, எல்லாம் சேத்து 15000 சொச்சம். போடுறதுக்கு எனக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆச்சு, அதுல ஒண்ணும் கஷ்டம் இல்ல. மானிட்டர் 5 நிமிஷம், ஸ்லீப் 20 நிமிஷம், ரெண்டு மணி நேரம் ஸ்லீப்லயே கெடந்தா ஹைபர்னேட், அப்படி வச்சேன். ஹைபர்னேட்ல எல்லாத்தையும் டிஸ்க்ல எழுதிட்டு மிஷின் அணைஞ்சுரும், கரண்டு போனாலும் ஒண்ணும் போகாது, நம்ம ஊர் மழைக்கு அதுதான் தைரியம்.

இப்ப எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதச் சொல்லுறேன், காசு குடுத்ததுக்கு இது ஒண்ணே போதும்னு எனக்குத் தோணுது. முதல் வாரம் ரிப்போர்ட் எடுத்துப் பாத்தா 22ல 7 மிஷின் தூங்கவே இல்ல. செட்டிங் எல்லாம் சரியாதான் இருக்கு, ஆனா தூங்க மாட்டேங்குது. நாம என்னமோ ஆளுங்க மறந்துட்டுப் போறதுதான் பிரச்சனைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம், ஆனா மிஷினையே யாரோ தூங்க விடாம தட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. அது யாருன்னு மிஷின் வாரியா அந்த ரிப்போர்ட்லயே போட்டிருந்துச்சு. மூணு மிஷின்ல பிரவுசர்ல ஒரு வீடியோ சத்தம் இல்லாம பின்னாடி ஓடிக்கிட்டு இருக்கு, சவுண்ட் டிரைவர் நான் வேலையில இருக்கேன்னு சொல்லி தூங்க விடல. ரெண்டு மிஷின்ல ஃபோல்டர் ஷேர் போட்டு வச்சிருக்கு, கிளையண்ட் ஃபைல் எல்லாம் அதுலதான், வேற மிஷின்ல அந்த ஃபைல திறந்து வச்சுட்டே வீட்டுக்குப் போனா அந்த ஒருத்தருக்காக ஷேர் வச்சிருக்குற மிஷின் ராத்திரி முழுக்க முழிச்சு நிக்குது. அந்த ஃபோல்டர் ரெண்டையும் சர்வருக்கு மாத்தினோம், சர்வர் எப்படியும் ஓடுதுல்லா.

மிச்சம் ரெண்டு மிஷின் தூங்கும், ஆனா கொஞ்ச நேரத்துல தானா எந்திரிச்சுரும். ஒண்ணுல நெட்வொர்க் கார்டு, நெட்ல எந்த மிஷின் என்ன பேசினாலும் இது எந்திரிச்சுக்கிட்டு இருந்துச்சு, டிவைஸ் மேனேஜர்ல போய் மேஜிக் பாக்கெட் (எழுப்புறதுக்குன்னே அனுப்புற சிக்னல்) வந்தா மட்டும் எழுப்புன்னு டிக் போட்டதும் அடங்கிருச்சு. இன்னொண்ணுதான் என்னைய மூணு நாள் அலைய விட்டுச்சு. ஜன்னல் ஓர மேசை, ரோட்டப் பாத்த சுவர். கடைசியா எழுப்பினது மௌஸ்னு காட்டுது, ஆனா அந்த நேரத்துல ஆபீஸ்ல ஆளே கெடையாது. ஒரு நாள் சாய்ங்காலம் எல்லாரும் போன பிறகு நான் மட்டும் அந்த மேசை முன்னாடி உக்காந்து பாத்தேன், மிஷின் தூங்கிருச்சு, ஒரு பத்து நிமிஷம் கழிச்சு பஸ் ஸ்டாண்டுல இருந்து வந்த பஸ்ஸு ஒண்ணு ஜன்னலுக்கு நேரா பிரேக் போட்டுத் திரும்பும்போது மேசை லேசா அதிர்ந்து, டப்புன்னு சிபியு லைட்டு மாறுச்சு. மௌஸுக்குக் கீழ பளபளன்னு ஒரு கண்ணாடித் தகடு போட்டிருந்தாங்க, அதுல ஆப்டிகல் மௌஸ் லேசா அதிர்ந்தா கூட நகந்ததா எடுத்துக்குது. அந்த மௌஸுக்கு மட்டும் எழுப்புற உரிமைய எடுத்துட்டேன், கீபோர்ட தட்டினா மட்டும் எந்திரிக்கும். அன்னைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே, வீட்டுக்குப் போய் பொண்டாட்டிகிட்ட ஒரு மணி நேரம் இதயே சொல்லிக்கிட்டு இருந்தேன்.

இனி குறை. முதல் அடி, ஷட்டவுன். சாய்ங்காலம் 8 மணிக்கு மேல ஸ்லீப்லயும் போகாம சும்மா நிக்குற மிஷின முழுசா அணைக்குற மாதிரி வச்சிருந்தேன், திறந்து கெடக்குற ஃபைல எல்லாம் சேவ் பண்ணிட்டுத்தான் அணைக்கும்னு சாப்ட்வேர் கம்பெனிக்காரங்க வெப்சைட்ல எழுதியிருந்தாங்க, நானும் நம்பினேன். 20ஆம் தேதி, ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போடக் கடைசி நாள், எங்க ஆபீஸ்ல ஒரு பிள்ள பத்து நிமிஷம் போன்ல கிளையண்டோட பேசப் போனா, திரும்பி வந்தா மிஷின் அணைஞ்சு கெடக்கு, அடிச்ச ஒன்றர மணி நேர வேலை போச்சு. சேவ் பண்ணினது வேர்டு எக்செல் மட்டும்தானாம், மத்த சாப்ட்வேர்ல திறந்து கெடக்குறதுக்கு பொறுப்பு இல்லையாம், அது கேட்ட பிறகுதான் சொல்லுறாங்க. அந்தப் பிள்ள அழுதது எனக்கு இன்னும் மனசுல இருக்கு. அன்னைக்கு ராத்திரி நானும் சேந்து உக்காந்து திரும்ப அடிச்சோம். மறுநாளே ஷட்டவுன முழுசா எடுத்துட்டேன், ஸ்லீப்பும் ஹைபர்னேட்டும் மட்டும்தான் இப்ப. அதுல போனா எதுவும் மூடாது, எந்த சாப்ட்வேரா இருந்தாலும் அப்படியே திரும்ப வரும். 11ஆம் தேதி, 20ஆம் தேதி, ஜூலை கடைசி, செப்டம்பர் கடைசி இந்த நாளெல்லாம் ஸ்லீப் நேரத்தையும் ஒரு மணி நேரம்னு கூட்டி வச்சிருக்கேன். ஆபீஸ் வேலையோட போக்கு தெரியாம இந்த மாதிரி சாப்ட்வேர வைக்கவே கூடாது.

ரெண்டாவது, மிச்சக் கணக்கு. முதல் மாச ரிப்போர்ட்ல நாங்க மிச்சம் பிடிச்சதா போட்டிருந்த யூனிட்ட பாத்தா, எங்க ஆபீஸ் மொத்த பில்லுல பாதிக்கு மேல வருது! எப்படின்னு நோண்டிப் பாத்தா, ஒரு கம்ப்யூட்டர் சும்மா நிக்கும்போது 110 வாட் இழுக்கும்னு அவங்களா ஒரு கணக்கு உள்ள வச்சிருக்காங்க. எனக்க மீட்டர்ல 45. அத மாத்துறதுக்கு எடம் இருக்கு, ஆனா எங்கயோ மூணு மெனுவுக்கு உள்ள. மாத்தின பிறகு வந்த கணக்கும் நான் ஈபி மீட்டர்ல எடுத்த கணக்கும் ஏறக்குறைய ஒத்துப் போச்சு. இதுக்குத்தான் பிளக் மீட்டர முதல்ல வாங்கச் சொன்னது, அது இல்லன்னா அந்த ரிப்போர்ட்ட அப்படியே சார்கிட்ட கொண்டு காட்டியிருப்பேன், பில்லு வந்த அன்னைக்கு எனக்க பேச்சு பொய்யா போயிருக்கும்.

காலையில தானா எழுப்புறதும் பாதி மிஷின்ல முதல்ல நடக்கல. இதுல சாப்ட்வேர் மேல தப்பு இல்ல, பயாஸ்ல (மிஷினோட அடிப்படை செட்டிங்) வேக் ஆன் லேன், அதாவது நெட்வொர்க் வழியா எழுப்புற வசதிய, ஆன் பண்ணியிருக்கணும், விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (சீக்கிரம் ஆன் ஆகுறதுக்குன்னு உள்ள வசதி) போட்டு ஷட்டவுன் பண்ணின மிஷின் இந்த எழுப்புறதுக்கு எந்திரிக்காது, ஸ்லீப்லயோ ஹைபர்னேட்லயோ இருந்தாத்தான் எந்திரிக்கும். போகப் போக எங்களுக்கு அது தேவையே இல்லன்னு ஆயிருச்சு, வந்து கீபோர்ட தட்டுறதுல என்ன இருக்கு. கஸ்டமர் கேர்ல தமிழ்ல பேச ஆள் இல்ல, மெயில் போட்டா மூணு நாள்.

பலன் என்னன்னா, இப்ப ராத்திரி 7ல இருந்து காலை 9 வரைக்கும் 4 யூனிட்டுக்கு சித்த மேலதான் போகுது, 13 போன எடத்துல. பில்ல நேரா ஒப்பிட்டுப் பாக்காதீங்க, சித்திரை வைகாசி பில்லுல ஏசி இருக்கும், மழை மாசத்துல இருக்காது, குழப்பிரும், ராத்திரி ரீடிங்தான் நேர்மையான கணக்கு. யுபிஎஸ் இந்த 4 மாசத்துல ராத்திரி கத்தினதா அண்ணாச்சி சொல்லல. கூட்டிப் பெருக்க வர்ற அக்கா, ரூமுக்குள்ள காலையில இருக்குற அந்த வெக்கை இப்ப இல்லன்னு சொன்னாங்க, நான் அத யோசிக்கவே இல்ல, 14 மிஷின் ராத்திரி முழுக்க விட்ட சூட்ட காலையில ஏசி போட்டு நாமளே காசு குடுத்து வெளிய தள்ளியிருக்கோம்.

சரி வாங்கலாமா வேண்டாமா. பத்து மிஷினுக்குள்ள இருந்தா வாங்காதீங்க மக்களே, விண்டோஸ்லயே எல்லாம் இருக்கு. கமாண்ட் பிராம்ப்ட்ட அட்மினா திறந்து பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் ரிக்வெஸ்ட்ஸ்னு (powercfg /requests) அடிங்க, இப்ப இந்த மிஷின தூங்க விடாம பிடிச்சு வச்சிருக்கது யாருன்னு காட்டும். அதே பவர்சிஎஃப்ஜிக்கு அப்புறம் ஸ்லாஷ் லாஸ்ட்வேக்னு (/lastwake) அடிச்சா கடைசியா எழுப்பினது யாரு, ஸ்லாஷ் வேக்டைமர்ஸ்னு (/waketimers) அடிச்சா இனி எழுப்பக் காத்துக்கிட்டு இருக்குறது யாரு. நான் பஸ்ஸு சங்கதி கண்டுபிடிச்சது கூட இந்த லாஸ்ட்வேக்ல பாத்த பிறகுதான். ஒரு மிஷின்ல செட்டிங் சரியா வச்சுட்டு அதே கமாண்ட்ல எக்ஸ்போர்ட் பண்ணி மத்த மிஷின்ல இம்போர்ட் பண்ணிக்கிடலாம், ஒரு பென்டிரைவ் போதும். டொமைன் (எல்லா மிஷினையும் ஒரு சர்வர் கட்டுப்பாட்டுல வைக்குற ஏற்பாடு) போட்டு வச்சிருக்குற பெரிய ஆபீஸா இருந்தா அதுல உள்ள குரூப் பாலிசி செட்டிங்லயே முடிஞ்சுரும்.

எங்கள மாதிரி இருபது முப்பது மிஷின், டொமைன் இல்ல, தனியா கம்ப்யூட்டருக்குன்னு ஆள் இல்ல, யாராவது செட்டிங்க மாத்திக்கிட்டே இருப்பாங்கன்னா இந்த சாப்ட்வேர் கொள்ளாம், வாங்கலாம். வருஷத்துக்கு 15000 போட்டு ஏறத்தாழ 35000 மிச்சம், பேட்டரி தனி. ஆனா ஷட்டவுன் பக்கம் போகாதீங்க, வாட்ஸ் கணக்க நீங்களே அளந்து போடுங்க, முதல் மாசம் தினமும் தூங்காத மிஷின் லிஸ்ட்ட பாருங்க. அத பாக்க நேரம் இல்லன்னா வாங்குறதே வேஸ்ட். 5க்கு 3.5 குடுப்பேன், அந்தப் பிள்ளைக்க வேலை போகாம இருந்திருந்தா 4.

மார்த்தாண்டம் ஆபீஸ்ல இன்னும் ஒரு மிஷின் பாக்கி இருக்கு, தினமும் விடியக்காலை 3 மணிக்கு எந்திரிச்சு ஏழு மணி வரைக்கும் நிக்குது. லாஸ்ட்வேக்ல ஒண்ணும் காட்டல, வேக்டைமர்ஸும் காலி. இந்த ஞாயித்துக்கிழமை சாவிய வாங்கிக்கிட்டு போகப் போறேன், இது மாதிரி யாருக்காவது வந்திருந்தா என்ன பண்ணினீங்கன்னு சொல்லுங்க.